எரிந்து எரிந்து அணையும் மஞ்சள் விளக்கு



சங்ககிரிப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய கணவருக்குச் சொந்தமாக ஒரு லாரி உண்டு; 2016-ஆம் ஆண்டில் கடன்பட்டு வாங்கிய பத்துச் சக்கர வண்டி. அவரே ஓட்டுகிறார். பெங்களூருக்குப் பாரம் ஏற்றிச் செல்பவர், திரும்பும்போது பெரும்பாலும் காலி வண்டியோடு தொப்பூர்க் கணவாயில் இறங்கி வருகிறார். சில மாதங்களாக, ஓட்டுநருக்கு எதிரேயுள்ள பலகையில் 'ஏ.பி.எஸ்.' என்னும் மஞ்சள் விளக்கு திடீரென்று எரிகிறதாம். சில நாள் தானே அணைகிறது. சில நாள் வண்டியை நிறுத்தி மீண்டும் கிளப்பினால்தான் அணைகிறது. பட்டறைக்குக் கொண்டுபோனாலோ எரிவதே இல்லை. ஒருவர், கம்ப்யூட்டர் பெட்டியையே மாற்ற வேண்டும் என்றார். மற்றொருவர், பிரேக்தான் நன்றாகப் பிடிக்கிறதே, பல்பைக் கழற்றிவிடுங்கள் என்றார். கணவர் இரண்டையும் செய்யாமல் விளக்கின்மேல் கறுப்பு டேப்பை ஒட்டிவிட்டார். "அந்த டேப்பைப் பார்க்கும்போதெல்லாம் என் மனம் பதைக்கிறது. நான் அஞ்சுவது சரியா, வீணா?" என்று கேட்கிறார் சகோதரி.

அஞ்சுவது சரியே. ஆனால் எதற்கு அஞ்ச வேண்டும், எதற்கு வேண்டாம் என்பதைத் தெளிவாக அறிந்துகொள்வது நல்லது.

லாரியின் பிரேக் காற்றினால் இயங்குவது. மிதியை அழுத்தியதும் தொட்டியிலுள்ள காற்று ஒவ்வொரு சக்கரத்திற்கும் பாய்ந்து லைனரை டிரம்மோடு அழுத்துகிறது. இதற்கும் மஞ்சள் விளக்கிற்கும் நேரான தொடர்பு இல்லை. காற்றழுத்தம் குறைந்ததைக் காட்டும் எச்சரிக்கை வேறு. அது வந்தால் வண்டியை அக்கணமே ஓரங்கட்டி நிறுத்தியாக வேண்டும். மஞ்சள் விளக்கு சொல்வது யாதெனில், சக்கரம் சுழற்சி நின்று பூட்டிக்கொள்ளாமல் காக்கும் துணையமைப்பு, ஒரு சக்கரத்திலோ முழு வண்டியிலோ, இப்போது விலகி நிற்கிறது என்பதே. அது எரியும்போதும் சாதாரண பிரேக் பிடிக்கும். அதனால்தான் 'விளக்கு பொய் சொல்கிறது' என்று ஓட்டுநர்கள் நம்பிவிடுகிறார்கள். காய்ந்த சமதளத்தில் ஆண்டுக்கணக்கில் ஓட்டினாலும் அந்த நம்பிக்கை உடையாது.

மழை பெய்த சாலையில் காலி வண்டி இறங்கும் நேரத்தில்தான் வேறுபாடு தெரியும். பின்பக்கத்தில் பாரம் இல்லாததால் டயர் தரையை இறுகப் பற்றுவதில்லை. அவசரத்தில் மிதியை அழுத்தினால் பின்சக்கரங்கள் நின்றுவிடும்; வண்டியோ நிற்காது, வால் பக்கவாட்டில் வீசும். முன்சக்கரங்கள் பூட்டிக்கொண்டாலோ ஸ்டியரிங்கை எப்பக்கம் திருப்பினாலும் வண்டி நேரேதான் வழுக்கும். இவ்விரண்டையும் தடுப்பதற்கே அந்தத் துணையமைப்பு இருக்கிறது. சகோதரியின் கணவர் மாதந்தோறும் இறங்கும் பாதையும், அவர் இறங்கும் விதமும், அந்தத் துணை மிகுதியும் தேவைப்படுகின்றவையே. ஒன்றையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும்: நீண்ட இறக்கத்தில் டிரம் காய்ந்து பிரேக் தளர்ந்துபோவதை இந்த அமைப்புத் தடுக்காது. தாழ்ந்த கியரும் எக்ஸாஸ்ட் பிரேக்கும்தான் அங்கே காப்பாற்றும்.

இந்த அமைப்பின்மீது ஓட்டுநர்களுக்குள்ள ஐயம் இன்று நேற்றையது அன்று. அமெரிக்காவில் 1975-ஆம் ஆண்டிலேயே லாரிச் சக்கரங்கள் பூட்டிக்கொள்ளக் கூடாது என்று விதி வகுத்து, ஏறக்குறைய எல்லாக் கனரக லாரிகளிலும் இதனைப் பொருத்தச் செய்தார்கள். அக்காலத்து மின்னணுக் கருவிகள் உறுதியற்றவை, நடுவழியில் தாறுமாறாயின. வழக்கு நடந்து, 1978-இல் நீதிமன்றம் அந்த விதியைத் தள்ளிவிட்டது. பின்னர் 1981-இல் ஜெர்மனியில் மெர்சிடீஸ் பென்ஸும் வாப்கோவும் சேர்ந்து கணினிவழி இயங்கும் அமைப்பை லாரிகளுக்குக் கொண்டுவந்தன. அமெரிக்காவில் அது மீண்டும் கட்டாயமானது 1997-இல்தான். நம் நாட்டில் 2015-ஆம் ஆண்டில் புதிய கனரக லாரிகளுக்குக் கட்டாயமாயிற்று. ஆகவே இன்று நம் சாலைகளில் ஓடும் 'பழைய' ஏ.பி.எஸ். லாரிகள் பல, ஏறத்தாழப் பத்து வயதை எட்டியவை. ஒயரும் சாக்கெட்டும் முதுமையடையும் வயது அது.

பழைய கருவிகளைப் போலன்றி, இன்றைய பெட்டி தன்னையும் தன் ஒயர்களையும் ஓயாமல் சோதித்துக்கொண்டே இருக்கிறது. விளக்கு எரிந்ததென்றால் எங்கோ ஒன்று உண்மையாகவே நிகழ்ந்திருக்கிறது. இன்ன இடம் என்று மட்டும் அது வாய்விட்டுச் சொல்லுவதில்லை. அதைக் கண்டுபிடிப்பதில்தான் பட்டறைகள் தடுமாறுகின்றன. எனக்குத் தெரிந்த ஒரு வண்டிக்குப் பல ஆயிரம் ரூபாய் செலவில் புதிய பெட்டியே மாற்றினார்கள். எட்டாம் நாள் விளக்கு மறுபடியும் எரிந்தது. பின்னச்சின் ஸ்பிரிங் பட்டையில் உராய்ந்து உராய்ந்து ஓர் ஒயரின் தோல் போயிருந்ததே காரணம். பாரம் ஏறி ஸ்பிரிங் தாழும்போது மட்டும் உள்ளிருக்கும் செம்பு இரும்பைத் தொடும். பட்டறையில் காலியாக நிற்கும்போது தொடாது. பெட்டி பழுதாவது அரிது என்பதே என் அனுபவம். அதனைக் கடைசியாகத்தான் ஐயுற வேண்டும்.

இனி அமைப்பைச் சற்று விளக்கிவிடுகிறேன். அது புரிந்தால் பழுதின் இடமும் புரியும். சக்கரத்தின் ஹப்பில் பற்கள் வெட்டிய ஒரு வளையம் இருக்கும். பெரிய லாரிகளில் பெரும்பாலும் நூறு பற்கள். அதற்கு எதிரே, அசையாத பகுதியில், சுண்டுவிரல் அளவான சென்சார் ஒன்று செருகப்பட்டிருக்கும். அதனுள் இருப்பது ஒரு காந்தமும் கம்பிச்சுருளுமே. பற்கள் கடந்துசெல்லும்போது அதில் மிகச் சிறிய மாறுமின்சாரம் பிறக்கிறது. சக்கரம் எவ்வளவு விரைவாகச் சுழல்கிறது என்பதைப் பெட்டி இதைக் கொண்டே அறிகிறது. மெதுவாக ஓடும்போது இந்த மின்சாரம் மிகவும் குறைவு. ஆதலின் சென்சாருக்கும் பல்லுக்கும் நடுவே இடைவெளி சிறிது கூடினாலும் முதலில் குறைந்த வேகத்தில்தான் சமிக்ஞை மறையும். வண்டி புறப்பட்டு ஊர்ந்து செல்லும்போது விளக்கு எரிகிறது என்று ஓட்டுநர் சொன்னால் நான் முதலில் இந்த இடைவெளியைத்தான் பார்ப்பேன்.

சென்சார் திருகாணியால் முடுக்கப்படுவதில்லை. வில்போல் இறுகப் பிடிக்கும் ஒரு மெல்லிய உலோகப் புஷ்ஷினுள் செருகப்பட்டிருக்கும். தள்ளினால் பின்னே போகும்; தானே முன்னே வராது. லைனர் மாற்றவோ கிரீஸ் வைக்கவோ டிரம்மைக் கழற்றி மாட்டும்போது அது பின்னே தள்ளப்பட்டுவிட்டால், பல் எட்டாமலே நிற்கும். வேலை முடிந்து இரண்டு மூன்று நாளில் விளக்கு எரியத் தொடங்கிய வண்டிகளில் பெரும்பாலானவற்றின் கதை இதுதான். மாற்று மிக எளிது: ஹப்பை மாட்டுவதற்கு முன் சென்சாரை விரலால் முன்னே தள்ளி வைத்து, மாட்டியபின் அது பல்லைத் தொடும்வரை பின்னாலிருந்து மெல்ல அழுத்த வேண்டும். சக்கரத்தைச் சுற்றினால் தேவையான அளவு தானே ஒதுங்கிக்கொள்ளும். சுத்தியலால் தட்டுவதோ திருப்புளியால் நெம்புவதோ கூடாது. புஷ் தளர்ந்திருந்தால் அதை மாற்றுவதே முறை. டேப்பைச் சுற்றி இறுக்குவதில் பயனில்லை.

சென்சாரைத் தள்ளி வைத்தும் சில நூறு கிலோமீட்டரில் மறுபடி விலகுகிறதா? அப்படியானால் சக்கரத்தின் பேரிங் ஆட்டம் காண்கிறது. ஆடும் வளையம் சென்சாரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னே தள்ளிவிடுகிறது. ஜாக்கி வைத்துத் தூக்கி, டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். முன்சக்கரமாயின் ஓர் ஐயம் எழும்: இது பேரிங் ஆட்டமா, கிங்பின் ஆட்டமா? உதவியாளரைப் பிரேக்கை அழுத்தச் சொல்லிவிட்டு மீண்டும் ஆட்டினால் விளங்கும். ஆட்டம் மறைந்தால் பேரிங், மறையாவிட்டால் கிங்பின். கிங்பின் தேய்வும் பழுதே. ஆனால் சென்சாரும் வளையமும் அதற்கு ஒரே பக்கத்தில் இருப்பதால் மஞ்சள் விளக்கிற்கு அது காரணமாகாது. பேரிங் ஆட்டத்தையோ, விளக்கை மறந்துவிட்டால்கூடச் சும்மா விட்டுவிடலாகாது. சக்கரம் கழன்று ஓடுவதற்கு அதுவே தொடக்கம். சில நேரங்களில் இந்த விளக்கு, தன் வேலையல்லாத ஒன்றையும் நமக்குச் சொல்லிவிடுகிறது.

ஆகவே கருவியைக் கையில் எடுப்பதற்கு முன் ஓட்டுநரிடம் நன்றாகக் கேட்க வேண்டும். விளக்கு எப்போது எரிகிறது? மழையிலும் வாட்டர் சர்வீஸ் செய்த மறுநாளும் எரிந்தால் சாக்கெட்டில் நீர் இறங்கியிருக்கிறது. உப்பும் உரமும் ஏற்றும் வண்டிகளில் சாக்கெட்டின் ஊசிகளில் பச்சைக் களிம்பு பூத்திருப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்துத் திருப்பும்போது எரிந்தால் முன்சக்கர ஒயர் இழுபடுகிறது. இரு பக்கமும் கடைசிவரை ஒடித்து நிறுத்தி, குனிந்து பார்த்தால் போதும். பாரத்தோடு மட்டும் எரிந்தால் பின்னச்சு ஒயர். இரவில் முகப்பு விளக்கும் வைப்பரும் ஓடும்போது எரிந்தால் குற்றம் சக்கரத்தில் இல்லை, மின்சாரம் வரும் வழியில். புதிதாக ரீட்ரேட் செய்த டயரை ஒரு பக்கம் மாட்டியபின் எரிந்தால், டயர்களின் சுற்றளவு ஒவ்வாமல் பெட்டி குழம்புகிறதா என்று பார்க்க வேண்டும். பாடி கட்டும் இடத்தில் வெல்டிங் வைத்தபின் எரிந்தால்தான் பெட்டியின்மீது எனக்கு ஐயம் வரும். வெல்டிங்கிற்கு முன் பேட்டரி இணைப்பையும் பெட்டியின் சாக்கெட்டையும் கழற்றிவிட வேண்டும் என்பதை அங்கே யாரும் பொருட்படுத்துவதில்லை.

சகோதரியே, ஒரு சிறு நோட்டை உங்கள் கணவரின் இருக்கைக்கு அருகில் வையுங்கள். விளக்கு எரிந்த இடம், வேகம், மழையா வெயிலா, பாரமா காலியா, வளைவா நேரா என்று வண்டியை நிறுத்தியபின் ஒரு வரி எழுதினால் போதும். பத்து வரி சேர்ந்தபின் அந்த நோட்டு எந்த மெக்கானிக்கையும்விட நன்றாகப் பேசும். ஆனால் டேப்பை அகற்றினால்தான் எழுத முடியும்!

அந்தப் பெட்டிக்கும் நினைவு உண்டு. விளக்கு அணைந்த பின்னும், வந்துபோன பழுதைக் குறித்து வைத்திருக்கும். பல லாரிகளில் இதற்கென ஒரு சிறு பொத்தான் உண்டு. சாவியைத் திருப்பி வைத்து அதை ஒரு விநாடி அழுத்தி விட்டால் மஞ்சள் விளக்கு கண் சிமிட்டத் தொடங்கும்: சில சிமிட்டல், சிறு இடைவெளி, மறுபடி சில சிமிட்டல். பரவலாக உள்ள ஒரு வகையில் முதல் எண் பழுதின் தன்மையையும் இரண்டாவது எண் இடத்தையும் குறிக்கும். முதல் எண் 3 ஆனால் இடைவெளி மிகுதி; 4 ஆனால் ஒயர் அறுந்தோ ஒன்றையொன்று தொட்டோ இருக்கிறது; 5 ஆனால் சமிக்ஞை தாறுமாறாக வருகிறது. உங்கள் வண்டியின் கையேட்டில் உள்ள பட்டியலையே நம்ப வேண்டும்; வேறு வண்டிக்கு உரியதைப் பார்க்கலாகாது. இன்னொரு கவனம்: சில வண்டிகளில் பொத்தானை மூன்று விநாடிக்கு மேல் அழுத்தினால் நினைவு அழிந்துவிடும். எழுதிக்கொள்ளும்முன் அழித்துவிட்டு, 'ஒன்றும் காட்டவில்லையே' என்பவர்கள் உண்டு.

எந்தச் சக்கரம் என்பது தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. அந்தச் சென்சாரின் சாக்கெட்டைப் பிரித்து மல்டிமீட்டரால் அளக்க வேண்டும். பொதுவான வகையில் 900 முதல் 2000 ஓம் வரை காட்டினால் நலம். அளந்துகொண்டே ஒயரை அடிமுதல் நுனிவரை வளைத்தும் அசைத்தும் பாருங்கள். எங்கே எண் துள்ளுகிறதோ அங்கேதான் உள்ளே அறுந்திருக்கிறது. அடுத்து ஒரு முனையை வண்டியின் இரும்போடு வைத்து அளக்க வேண்டும். இங்கே மீட்டர் எதையும் காட்டக் கூடாது. சூடேறினால் மட்டும் வரும் பழுதாயின், நெடுந்தூரம் ஓடி வந்தவுடன் அளந்தால்தான் பிடிபடும்.

ஓம் சரியாக இருப்பதால் சென்சார் நலமென்று முடிவு கட்டக் கூடாது. மீட்டரை மாறுமின்சார வோல்ட்டிற்கு மாற்றி, தூக்கி வைத்த சக்கரத்தை இரண்டு விநாடிக்கு ஒரு சுற்று வீதம் கையால் சுற்றினால் குறைந்தது 0.2 வோல்ட் வர வேண்டும். ஒரே சுற்றுக்குள் அது பெரிதும் ஏறி இறங்கினால் பல் வளையம் கோணியிருக்கும், அல்லது பல் உடைந்திருக்கும், அல்லது பற்களுக்கிடையே துரு அடைத்திருக்கும். சென்சாரின் முனையையும் துடைத்துப் பாருங்கள். அது காந்தமாதலால் டிரம்மிலிருந்து உதிரும் இரும்புத்தூளைத் தாடிபோல் ஒட்டவைத்துக்கொண்டிருக்கும்.

எங்கும் பிடிபடாத நேரத்தில், ஒரே அச்சின் இடது வலது சென்சார் ஒயர்களைச் சோதனைக்காக மாற்றிச் செருகலாம். குறியீட்டில் காட்டும் சக்கரமும் மாறினால் பழுது சக்கரப் பக்கம். மாறாவிட்டால் பெட்டிக்குச் செல்லும் வழியில். காலியான மைதானத்தில் மெதுவாக ஓட்டி இதைப் பார்க்க வேண்டும். பார்த்தவுடன் பழையபடி செருகிவிட வேண்டும். மறந்துவிட்டால் பெட்டி வலச்சக்கரத்தை இடச்சக்கரமென்று எண்ணிக்கொள்ளும். ஒரு செலவும் இல்லாத இச்சோதனையைச் செய்யாமலே பெட்டியை மாற்றச் சொல்பவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள்.

மின்சாரம் வரும் வழியைச் சோதிப்பதில் ஒரு நுட்பம் உண்டு. களிம்பேறிய ஃபியூஸ் வழியாகவும் தளர்ந்த எர்த் வழியாகவும்கூட மல்டிமீட்டர் முழு 24 வோல்ட்டைக் காட்டிவிடும். மீட்டர் இழுக்கும் மின்சாரம் அவ்வளவு சொற்பம். அதனால் பெட்டியின் சாக்கெட்டைக் கழற்றி, மின்சாரம் வரும் ஊசிக்கும் எர்த் ஊசிக்கும் நடுவே 21 வாட் பல்பு ஒன்றை எரியவிட்டு அளக்க வேண்டும். பல்பு மங்கினாலோ வோல்ட் சட்டென்று இறங்கினாலோ குற்றவாளி அகப்பட்டார். என்ஜின் ஓடும்போது 27, 28 வோல்ட் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஆல்டர்னேட்டரும் பேட்டரி முனைகளும் பழையவை என்பதை மறந்து நாள்முழுதும் சக்கரத்தடியில் படுத்துக் கிடந்தவர்கள் பலர்.

ஒயரில் ஊசியைக் குத்தி அளக்கும் வழக்கத்தை அறவே விட்டுவிட வேண்டும். குத்திய துளை வழியே நீர் இறங்கி, ஆறு மாதத்தில் புதிய பழுதொன்றைத் தரும். தோல் போன ஒயரை முறுக்கி டேப் சுற்றுவதும் அதைப் போன்றதே. முழு நீள ஒயராக மாற்றிப் பழைய பாதையிலேயே, பழைய கவ்விகளிலேயே கட்டுங்கள்.

பழுதை நீக்கியபின் சாவியைத் திருப்பினால் விளக்கு அணையாமலே நிற்கக்கூடும். உடனே மனம் தளர வேண்டாம். சென்சார்ப் பழுதாயின், வண்டி சுமார் 7 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டி எல்லாச் சக்கரங்களிலிருந்தும் சமிக்ஞை வந்தபின்தான் பெட்டி திருப்தியடைந்து விளக்கை அணைக்கும். ஆகையால் பட்டறைக்குள் நின்றபடி தீர்ப்புச் சொல்லாமல் சாலையில் ஓட்டிப் பார்க்க வேண்டும். சகோதரியின் கணவர் தம் வண்டியைப் பாரத்தோடு ஒருமுறையும், காலியாக ஒருமுறையும், நல்ல மழையில் ஒருமுறையும் ஓட்டிப் பார்த்து, மூன்றிலும் விளக்கு எரியாதிருந்தால் நோட்டில் நாளைக் குறித்துக்கொள்ளட்டும். அடுத்த முறை கிரீஸ் வைக்க ஹப்பைக் கழற்றும் நாளில், சென்சாரை முன்னே தள்ள வேண்டுமென்று அதே பக்கத்தில் இப்போதே எழுதி வைக்கலாம்.